யாரோ குடுக்குறாங்க

கண்டி கிளினிக்கில் டாக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். நிலக்ஷியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஒரே வரி சொன்னார். "கொஹென் ஹரி எங்கட்ட யனவா." எங்கேயிருந்தோ உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த பரிசோதனையிலும் இந்த எண் குறையாவிட்டால் பிள்ளையை வார்டில் வைத்து, வேறு கெட்ட நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டி வரும் என்றும் சொன்னார்.

நிலக்ஷியின் அப்பா முத்துலிங்கத்துக்குச் சிங்களம் நன்றாகவே வரும். டாக்டர் சொன்னது சரியாகத்தான் விளங்கியது. ஆனால் பஸ் ஏற்றத்தில் முக்கி முக்கி, தலவாக்கலையைத் தாண்டி லிந்துலைப் பக்கம் திரும்பியபோது, அந்த வரி அவன் மண்டைக்குள் புரண்டு வேறொன்றாகியிருந்தது. மடியில் தூங்கிய பிள்ளைக்கு ஒன்பது வயது. ஆறு வயதுப் பிள்ளையின் கனம்கூட இல்லை. அக்கரப்பத்தனையில் இறங்கி, லயத்து வரிசை வீட்டுக்கு ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே மனைவியிடம் சொன்னான்.

"யாரோ குடுக்குறாங்களாம்."

மலையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த லோஜினி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலே நின்றாள். ஒரு நாள் பேர் போனால் கூலியும் போய்விடும் என்று அவள் கிளினிக்குக்கு வந்திருக்கவில்லை. யாராம் என்று கேட்டாள். அவன் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான்.

நிலக்ஷிக்குக் கோதுமை ஆகாது. செலியாக் என்று அதற்குப் பெயர். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்க ஆன வருஷங்களில் அவளுக்குப் பூச்சி மருந்து கொடுக்காத ஆள் இல்லை, மந்திரிக்காத கோயில் இல்லை. தோட்டத்தில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது என்பது மழை ஆகாது என்பது மாதிரி. காலையில் ரொட்டி, மலையில் ரொட்டி, சம்பளம் இழுத்துப் பிடிக்கும் நாட்களில் ராவுக்கும் ரொட்டி. மழையில் நனையாமல் இருந்தாலும் இருக்கலாம், ரொட்டி தின்னாமல் இருக்க முடியாது.

ஆனாலும் நோயின் பெயர் தெரிந்ததும் முத்துலிங்கம் ஒரே நாளில் முடிவெடுத்தான். ஒரு வீட்டுக்குள் இரண்டு சமையல் கிடையாது. பிள்ளை தின்னாததை யாரும் தின்னக் கூடாது. மா வாளியையும் ரொட்டிக் கல்லையும் தூக்கிப் பக்கத்து வீட்டு அழகம்மாவிடம் கொடுத்துவிட்டான். ரவை, சேமியா, சோயா மீட், கடைச் சோஸ் எல்லாம் போயின. கோயிலில் கேசரி கொடுத்தால் கும்பிட்டுவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். லோஜினி அரிசி மாப் புட்டையும், எடுத்தால் கையிலேயே உடைந்து விழும் கேழ்வரகுக் குரக்கன் ரொட்டியையும் மலைக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

"ரொட்டி தின்னு இந்த லயத்துல யாரும் செத்ததில்லடி. தின்னாமத்தான் செத்திருக்காங்க," என்றாள் அழகம்மா.

லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாது. விடிகாலையில் அழகம்மா ரொட்டி சுடும் வாசம் சுவருக்கு மேலால் ஏறி இந்தப் பக்கம் இறங்கும். நிலக்ஷி படுத்தபடியே மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு கிடப்பாள். வாசத்துக்கு முத்துலிங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எங்கே பிசகியது?

அன்றைக்குச் சாயந்தரமும் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முத்துலிங்கம் வழக்கம்போல வெந்நீரில் பெருங்காயத் தூளும் ஒரு கல் உப்பும் கரைத்து, ஊதி ஊதிப் புகட்டினான். தொப்புளைச் சுற்றியும் தடவிவிட்டான். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் கை அது. காய்த்துப்போனாலும் பதம் தெரிந்த கை. வயிற்று வலிக்கு அவன் கை ராசியானது என்று லயத்தில் பேச்சு. பச்சைப்பிள்ளைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நிலக்ஷி ஏப்பம் விட்டுக் கண்ணை மூடினாள். அவன் வாசலில் உட்கார்ந்து கீழே ரோட்டைப் பார்த்தான். தம்பியின் ஆட்டோ ஏறி வந்துகொண்டிருந்தது.

துஷாந்த் அவனுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன். அண்ணன் வீட்டு முன்னறையில் படுக்கை. பகலெல்லாம் பஜாரில் ஆட்டோ. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவன்தான். பஜாரில் கொத்து ரொட்டி தின்பான், பரோட்டா தின்பான். வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்ப் பீலித் தண்ணீரில் வாய் கொப்பளித்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவான். "பூசாரிகூட இப்படிக் கழுவ மாட்டாண்ணே," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு இப்போது முத்துலிங்கத்துக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

மறுநாள் காலை தம்பி முகம் கழுவப் போன நேரத்தில் அவன் ஆட்டோவைத் துழாவினான். பின் சீட்டுக்குப் பின்னால், ஜாக்கி வைக்கிற இடத்தில், முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பையொன்று இருந்தது. உள்ளே பாதி தின்ற பிஸ்கட் பக்கெட்.

துஷாந்த் துவாயோடு வந்தபோது அது படிக்கட்டில் இருந்தது.

"இது யாரு தின்னது?"

"நான்தான்."

"பின்ன ஏன் ஒளிச்சு வச்ச?"

"பாப்பா கண்ணுல படக் கூடாதுன்னுதாண்ணே."

முத்துலிங்கம் பிள்ளையைக் கூப்பிட்டான். பள்ளிக்கூடச் சட்டையில் அவள் வந்து நின்றாள். சித்தப்பா இதில் உனக்குக் கொடுத்தாரா என்று கேட்டான். அவள் பக்கெட்டைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாமி மேல் சத்தியமாகச் சொல் என்றான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அவனுக்கு அது போதும்.

"பெத்திருந்தா தெரியும் ஒனக்கு," என்றான் தம்பியிடம். "அடுத்தவன் புள்ளதானே. செத்தா ஒனக்கு என்ன."

துஷாந்தின் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியது. லோஜினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"தம்பி குடுத்திருக்க மாட்டாருங்க."

"அப்ப நீயா குடுத்த?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் கேட்டதற்கு மட்டும்தான் பதில். துஷாந்த் உடுப்பை ஒரு பையில் திணித்தான். அழகம்மா வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. சுவருக்கு அப்பால் காது நின்றது. படிக்கட்டில் இறங்கும்போது அவன் திரும்பினான்.

"அண்ணே, நான் போனதுக்கப்புறம் யார சந்தேகப்படுறதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க."

அதற்குப் பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு முத்துலிங்கமே நடத்திக் கூட்டிப்போனான். ஷிஃப்டை மாற்றிக் கேட்டு வாங்கினான். டீச்சரிடம் பேசி, சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்தான். திரும்பி வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான், விரல்களை மோந்து பார்த்தான், புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டினான். அழகம்மா வீட்டுப் படியை மிதிக்கக் கூடாதென்றான். பிள்ளை அவன் வருவதைக் கண்டால் தானாகவே கையை நீட்டப் பழகிவிட்டாள்.

ஆனால் வலி குறையவில்லை. கூடியது. முன்பு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் சுருண்டவள் இப்போது நாள் தவறாமல் சுருண்டாள். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, படியேறினால் மூச்சு வாங்கியது. அவனும் நாள் தவறாமல் பெருங்காயம் கரைத்தான். வலி விட்ட நாளிலும் முன்கூட்டியே ஒரு வாய் கொடுத்தான். பரிசோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. துஷாந்த் இல்லை, பஜார் இல்லை, பிஸ்கட் இல்லை. பிறகு யார்? அடுப்படியில் குனிந்திருக்கும் மனைவியின் முதுகை அவன் பார்க்கத் தொடங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளை கத்திய கத்தலில் லயமே எட்டிப் பார்த்தது. முத்துலிங்கம் அடுப்படிக்கு ஓடினான். பேப்பரில் மடித்திருந்த தூளில் பாதிக்கு மேல் தகரக் கோப்பையில் கொட்டி, கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டு, அவசரத்தில் கோப்பையோடு அடுப்பில் வைத்தான். பிள்ளையைத் தூக்கி நிமிர்த்திவிட்டுத் திரும்பி வந்தபோது அது கொதித்துப்போயிருந்தது. கோப்பையைச் சரித்தான். ஊற்றவில்லை. இன்னும் சரித்தான். மஞ்சளாய், கெட்டியாய், கோப்பையின் உருவத்திலேயே மெதுவாக நகர்ந்தது.

விரலால் தொட்டான். இரண்டு விரல்களும் ஒட்டிக்கொண்டன.

இந்தப் பிசுபிசுப்பு அவனுக்குத் தெரியும். மே தினத்துக்கு அவனும் தம்பியும் பஜார் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியவர்கள். வாளியில் கோதுமை மாவைக் கொட்டிக் காய்ச்சினால் பசை இப்படித்தான் வரும்.

உள்ளே பிள்ளை முனகினாள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு இறங்கினான்.

கடைக்காரர் செல்லசாமி அவன் கேட்டதை விளங்கிக்கொள்ளவே கொஞ்ச நேரமானது. பிறகு சிரித்தார். "மா கலக்காம பெருங்காயம் எங்க இருக்கு? சுத்தமானத நாக்குல வைக்க ஏலாதே தம்பி. காரம் புடுங்கிரும். இதுல பாதிக்கு மேல மாதான்."

"என்ன மா?"

"என்ன மான்னா? கோதும மாதான்."

திரும்பி ஏறும்போது கொடுத்த தடவைகளை எண்ணிப் பார்க்க முயன்றான். பாதி வழியில் விட்டுவிட்டான்.

லோஜினி பிள்ளையின் தலையை மடியில் வைத்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையை அவள் முன்னால் வைத்துச் சொல்லி முடித்தான். அவள் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு டாக்டரு என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே."

"தமிழ்ல வேணாம். அவரு வாயில வந்த மாதிரியே சொல்லுங்க."

அவன் சொன்னான். கொஹென் ஹரி எங்கட்ட யனவா.

"கொஹென்னா எங்கேருந்து. யாருன்னா கவுத. பஸ்ல ஏறுனா கண்டக்டரு எங்க போறீங்கன்னு கேக்குறான், எனக்கு இது வெளங்காதா?" குரல் உயரவேயில்லை. "அவரு எங்கேருந்துன்னாரு. நீங்க யாருன்னு கொண்டுவந்தீங்க."

அவன் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இத்தன நாளும் ஒங்க கண்ணு என் முதுகுல இருந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பிள்ளை கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தாள். அப்பா அருகில் வந்ததும் பழக்கத்தில் விரல்களை விரித்து நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து மடக்கிப் போர்வைக்குள் வைத்தான்.

சாயந்தரம் பஜாரில், ஆட்டோ வரிசையின் கடைசியில், துஷாந்த் ஹேண்டிலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டு காலை இறக்கினான், ஆனால் இறங்கவில்லை. முன்னாலிருந்த டிரைவர் ஒருவன், "இன்னைக்கு வீட்டுக்குப் போக ஹயர் கெடைச்சிருச்சு போல," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

முத்துலிங்கம் பெருங்காயத்தைச் சொன்னான். பசையைச் சொன்னான். துஷாந்த் கண்ணாடியில் தெரிந்த ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்ப குடுத்தது யாரு?"

"நான்தான்."

"ம்."

"வீட்டுக்கு வா."

"வரல. வந்தா திரும்பவும் என் கையத்தான் பாப்பீங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "அன்னைக்கு பாப்பா ஏன் பேசலன்னு தெரியுமா? பக்கெட்ட பிரிச்சா கேப்பா, மோந்து மட்டும் பாக்குறேன் சித்தப்பான்னு. மூக்குக்கிட்ட புடிப்பேன். வாயத் தொறக்க மாட்டா, இறுக்கி மூடிக்குவா. அப்புறம் நான் தின்னுருவேன். ஒங்ககிட்ட சொன்னா அதையும் நிப்பாட்டிருவீங்கன்னு அவளுக்குப் பயம்."

மோந்து பார்ப்பதும் கூடாது, தூள் மூக்கில் ஏறும், உதட்டில் விழும் என்று முத்துலிங்கத்தின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தம்பி அதைக் கண்டுகொண்டான். அந்தச் சொல்லுக்காகவே காத்திருப்பவன் போல அண்ணனின் வாயைப் பார்த்தான். முத்துலிங்கம் விழுங்கினான்.

"புள்ளையால நடக்க முடியல," என்றான்.

"புதன்கிழமையிலருந்து ரோட்டுக்கு அனுப்புங்க. எந்திரிச்சு நிக்கட்டும் மொதல்ல. நான் மேல ஏற மாட்டேன்."

புதன்கிழமை காலை பனி இன்னும் கலையவில்லை. பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. இரத்தம் என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. நிலக்ஷி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கிப் போனாள். முத்துலிங்கம் வாசலோடு நின்றுகொண்டான். கீழே துஷாந்த் பீலியில் கை கழுவிவிட்டு வந்து அவளைப் பின் சீட்டில் தூக்கி வைத்தான். பிறகு ஆட்டோவின் பின்பக்கம் போனான். எதையோ எடுத்தான். பையின் முடிச்சை அவிழ்த்தான்.

அவளுடைய முகம் முன்னால் வந்தது. அவன் கை அதற்கு நேரே நின்றது. இவ்வளவு தூரத்திலிருந்து வாய் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

முத்துலிங்கம் கத்துவதற்கு மூச்சை இழுத்தான். அடுப்படி வாசலில் லோஜினி வந்து நின்று, ரோட்டைப் பார்க்காமல், அவனைப் பார்த்தாள்.

இழுத்த மூச்சை அவன் மெல்ல விட்டான். ஆட்டோ கிளம்பி, தேயிலை மலை வளைவில் திரும்பி, பனிக்குள் போனது.