ஜார்ஜின் நெற்றியில் ஒரு கை

1

இந்தக் கதை ஒரு பிரசங்கத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. தேவன் நம் இருதயத்தை வெள்ளியைப் போலப் புடமிடுகிறார் என்றார் போதகர். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நெருப்பை மூட்டியது யார் என்று எழுந்து கேட்டேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு ஆகாதும்மா என்றார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

(அவரைக் கதைக்குள் இழுத்துப்போட்டுத் தோலுரிக்கத்தான் நினைத்தேன். இடம் அமையவில்லை.)

2

முதல் தொடக்கம்: 1979, பூனா. மழை பொழிந்துகொண்டிருந்த ஒரு மாலையில் பாக்கியவதி தன் துயரத்தை…

வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டில் எல்லா எழுத்தாளர்களும் மழையைக் கொட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது: அதே பூனா, லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில், பாக்கியவதியின் மகள் டோரீன் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். அதன்பிறகு வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டங்களில் பாக்கியவதிக்கு மதிப்புக் கூடிப்போனது. புடத்தில் கிடந்தவளின் ஜெபம் சீக்கிரம் கேட்கப்படுமாம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைக்கூட அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மகளைக் கொடுத்து வாங்கிய பதவி.*

* இந்த வரி அவளுடையதில்லை, என்னுடையது. அடிக்க மனம் வரவில்லை.

3

பக்கத்து வீட்டு லீலாவின் மகன் ஜார்ஜுக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது வருவதற்குள் ஒரு ஜெபம் என்று கட்டிலைச் சுற்றிக் கூட்டம்.

"நீங்க கை வச்சு ஜெபிங்கக்கா," என்றாள் லீலா. "நீங்க கேட்டா ஆண்டவரு இல்லேன்னு சொல்ல மாட்டாரு."

பாக்கியவதி கையை வைத்தாள். நெற்றி கொதித்தது. டோரீனுக்கும் இதே சூடுதான். ஜெபிக்க வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒன்று மேலே வந்தது: இவனும் போகட்டும். இவள் மட்டும் எதற்குப் பிள்ளையோடு…

(இங்கே வந்து பல நாள் நின்றுவிட்டேன். சோதனை அவளைச் சுத்தமாக்கவில்லை, பாருங்கள் என்று காட்டிப் போதகரை ஜெயித்துவிடலாம். ஆனால் வெள்ளி உருகினால் கசடுதானே முதலில் மேலே வரும்? அப்படியானால் அவர் சொன்னது சரியா? எனக்குத் தலை சுற்றுகிறது.)

4

முடிவு அ: வழக்கமான வார்த்தைகளில் ஜெபித்துவிடுகிறாள். எல்லோரும் ஆமென். பொய்.

முடிவு ஆ: அழுதுகொண்டே வெளியே ஓடுகிறாள். சினிமா.

முடிவு இ:

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையும் போகட்டும்னு எனக்குத் தோணுது. மொதல்ல அத எங்கிட்டருந்து எடுத்துப்போடும். அப்புறம் இவனுக்காகக் கேக்கேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. பாக்கியவதி கையை எடுக்கப் போனாள். லீலா அந்தக் கையைப் பிடித்தாள்.

5

ஜார்ஜ் பிழைத்தானா என்று கேட்காதீர்கள். பிழைத்தால் போதகர் ஜெயித்துவிடுவார், போய்விட்டால் நான் ஜெயித்துவிடுவேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படிப் பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

எனக்குத் தெரியாதது வேறு. லீலா அந்தக் கையைப் பிடித்தது உதறித் தள்ளவா, மகன் நெற்றியில் இன்னும் அழுத்தி வைத்துக்கொள்ளவா?

நான் பிள்ளை பெறாதவள். பெற்றவர்கள் சொல்லுங்கள்.