டம்மி பீஸ்

என் உணர்கருவிக்கு ஒரு டம்மி இருந்தது. அதே அளவு, அதே எடை, அதே வெள்ளைப் பூச்சு. உள்ளே மட்டும் வெறும் இரும்பு. விண்வெளித் தொலைநோக்கியைக் குலுக்கிச் சோதிக்கும்போது நிஜக் கருவி அடிபடக் கூடாதென்று இதைப் பொருத்துவார்கள். பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று வயர்கூட வைத்திருந்தார்கள். ஒப்புக்குச் சப்பாணி. அதுதான் எனக்குப் போட்டியாக வந்து நின்றது.

அண்டவெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள் ஒவ்வொன்றுக்கும் என் கருவி 'டிக்' என்று குரல் கொடுக்கும். அதற்காகத்தானே நாலு வருடம் உயிரைக் கொடுத்து அதை வடிவமைத்தேன்! ஆய்வுக் குழுத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, சும்மா சும்மா டிக்குங்குது?"

"துகள் வருது சார், வானத்துலேருந்து."

"கதவு பூட்டியிருக்கே, எப்படி வரும்?"

"கூரை வழியா சார். உங்க தலை வழியாகூடப் போகுது."

அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு முறைத்தார். "இன்னிக்கு வரச்சொல்லி அனுமதி கொடுத்தது யாரு?"

பிறகு டம்மியின் மேல் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, என்ன அடக்கம்! குலுக்கினோம், சூடு பண்ணினோம், குளிர்ல வச்சோம். ஒரு தப்பான தகவல் கொடுத்துச்சா?"

"அது இரும்புக் கட்டி சார். எந்தத் தகவலும் கொடுக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

குழு கைதட்டியது. டம்மி விண்ணுக்கு, என் கருவி அலமாரிக்கு என்று முடிவாயிற்று.

என் வீட்டுக்காரரிடம் போனில் கத்தித் தீர்த்தேன். அவர் நிதானமாக எதையோ மென்றுகொண்டிருந்தார். "ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுபோல இருக்குன்னுதானே சொல்லுவே? அப்புறம் எது எதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் கருவியின் மின் இணைப்பைப் பிடுங்கினேன். அதுவும் அடக்கமானது. இரண்டின் பெயர் ஸ்டிக்கர்களையும் உரித்து மாற்றி ஒட்டினேன். அவசரத்தில் ஒன்று கோணலாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. டம்மி என்ற பெயரோடு என் கருவி ராக்கெட் ஏறியது.

மேலே போய்த் தொலைநோக்கியின் மின்சாரம் வயர் வழியே கிடைத்ததும் டம்மி பேச ஆரம்பித்தது. இதுவரை யாரும் கண்டிராத சக்தியுள்ள துகள் ஒன்றையும் பிடித்துச் சொன்னது. தலைவர் பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். இரும்புக்குள் இருந்த திறமையை அவர் முதல் நாளே கண்டுகொண்டாராம்.

அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். உண்மையை உடைத்துவிட வாய் துடித்தது. சொன்னால் அனுமதி இல்லாத கருவி என்று அங்கேயே அணைத்துவிடுவார்கள். விழுங்கிக்கொண்டேன்.

"வெறும் இரும்பு, அதுவே இவ்வளவு பண்ணுது. நாலு வருஷமா நீ என்னம்மா கிழிச்சே?" அலமாரியிலிருந்த கட்டியை மேசைமேல் தூக்கி வைக்கச் செய்தார். "இதைப் பாரு, இப்ப வாயே திறக்க மாட்டேங்குது. உன்னோடதுதான்மா டம்மி பீஸ். இதைப் பேச வச்சுட்டு வீட்டுக்குப் போ."

"சரி பண்றேன் சார்" என்று கோணல் ஸ்டிக்கரை விரலால் அழுத்தினேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போது சுவரில் இருந்த திரை 'டிக்' என்றது. மேலேயிருந்து என் பிள்ளை.

தலைவர் பூரித்துப் போனார். "கேட்டியா? டம்மின்னா அப்படி இருக்கணும்!"