லோஞ்ச் ஜெட்டியில் ஒன்பது சனிக்கிழமை

போடிங்கில் தங்கிப் படிக்கிற பொடியன்களின் கதை எழுத, அந்த விடுதிக்குப் பொறுப்பான வின்சன்ட் மாஸ்டரை விட்டால் திருகோணமலையில் ஆளில்லை. அதில் மனுசனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொடியன்கள் வீட்டுக்குக் கடதாசி எழுதி, உறையை ஒட்டாமல் அவர் மேசையில் வைக்கவேணும். வாசித்துத்தான் தபாலில் போடுவார். தாய் தகப்பனைக் கலங்கவைக்கிற கடதாசி அலுமாரிக்குள் போய்விடும். "ரெண்டு கிழமையில பழகிடுவான்" என்பார். அதோடு விட்டாரா? பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு அந்தக் கடதாசிகளிலிருந்தே கதையும் எடுத்தார்.

ஒரு சனிக்கிழமை, கடலுக்கு அக்கரையில் மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானிலிருந்து குணரத்தினம் பத்திரிகையும் கையுமாக வந்தார். அவர் மகன் பாக்கியரத்தினம் போடிங்குக்கு வந்து மூன்று மாதம். ஆள் ஏற்றுகிற மோட்டார்ப் படகான லோஞ்ச் வரும்வரை பொறுக்கமாட்டாமல் விடியவே மீன் வள்ளத்தில் ஏறி வந்திருந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, மாஸ்டர். கடைக்கார ஸைனுலாப்தீன்தான் உங்கட கதையை வாசிச்சுக் காட்டினவர். சனிக்கிழமையில லோஞ்ச் பாக்கப் போற பொடியன், கப்டனா வரப்போறானாம். எல்லாரும் சிரிச்சவை. கதையில அவன், வெள்ளச்சி கன்று போட்டுதோ எண்டு கேக்கிறான். வெள்ளச்சி எங்கட மாடு."

மாஸ்டர் அலுமாரிப் பக்கம் பார்த்தார்.

"அப்ப அது என்ர மோன் எழுதினது. எங்களுக்கு அந்தக் கடதாசி வரயில்லை. வாசியுங்கோ."

மாஸ்டர் அலுமாரியைத் திறந்தார். கடைசி வரிகளைத் தாண்டிவிட்டால் இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தார். பாழாய்ப்போன நினைப்பு. வெட்கத்தோடு முழுக்க வாசித்தார்.

"ஐயா, எனக்கு இஞ்ச இருக்க ஏலாது. சனிக்கிழமை லோஞ்சில வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஜெட்டியில நிப்பன்."

குணரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "எத்தனை சனிக்கிழமை நிண்டவன்?"

"ஒன்பது. இண்டைக்கும் ஜெட்டிக்குப் போயிட்டான்."

இருவரும் இறங்குதுறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மூதூர் லோஞ்சை அப்போதுதான் ஜெட்டியில் கட்டியிருந்தார்கள். பொடியன் கடல் பக்கம் திரும்பி, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி ஆளும் இறங்கிய பிறகு திரும்பினான். பின்னால் தகப்பன் நின்றார்.

"ஐயா, கடதாசி கிடைச்சுதோ?"

மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயெடுத்தார். குணரத்தினம் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மகனின் தலையில் கை வைத்தார்.

"ஓம் மோன். வந்துசேரக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு. மாஸ்டர்தான் வாசிச்சுக் காட்டினவர்."