பாடமாக்கிய சாட்சி

மேரிசாந்திக்கு வாய் நீளம். பாசம் அதைவிட நீளம். லண்டன் கிங்ஸ்பரிப் பள்ளிக்கூடச் சமையலறையில் பன்னிரண்டு வருடமாக அவளோடு உருளைக்கிழங்கு சீவுகிறவள் பொஸ்னியாக்காரி மெவ்லிதா. தொண்ணூற்றைந்துப் போரில் ஊர் ஆண்களோடு தன் தம்பியையும் பஸ்களில் ஏற்றிக் கொலைக்குக் கொண்டுபோன அதிகாரிக்கு எதிராக அவள் சாட்சி சொல்லப்போகிறாள் என்றதும், பயிற்சி கொடுக்கும் பொறுப்பை மேரிசாந்தி தானே தூக்கித் தலையில் போட்டுக்கொண்டாள். கேட்பானேன்? இலங்கையிலிருந்து வந்து, அகதிக் கேஸுக்குத் திகதிகளை எல்லாம் செபம்போலப் பாடமாக்கி விசா எடுத்தவள் அல்லவா! ஒரு திகதி பிசகினால் கேஸ் போச்சு என்பது எங்கள் சனத்தின் வேதவாக்கு.

மூன்று கிழமையாக, பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் சட்டிபானைகளுக்கு நடுவே விசாரணை நடந்தது. எத்தனை பஸ்? எத்தனை மணி? மெவ்லிதா தெரியாது என்றால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பன்ரெண்டு பஸ் எண்டு சொல்லு."

பத்தொன்பது வயதுப் பெட்டை அன்று பஸ்ஸையா எண்ணிக்கொண்டு நின்றிருப்பாள்? ஒரு பொய் பிடிபட்டாலும் அந்த அதிகாரி கையை வீசிக்கொண்டு போய்விடுவான் என்று இந்த மனுசிக்கு யார் சொல்வது? மெவ்லிதா, பாவம், தலையாட்டினாள்.

லண்டனில் ஓர் அறையிலிருந்து வீடியோவில் சரயேவோ நீதிமன்றத்துக்குச் சாட்சியம். மேரிசாந்தி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். இரண்டு மணித்தியாலம் கழித்து மெவ்லிதா வந்து பக்கத்தில் அமர்ந்தாள். எத்தனை பஸ் என்று கேட்டதற்குத் தெரியாது என்றே சொல்லிவிட்டாளாம். கேஸ் போச்சு என்று மேரிசாந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல், அங்கே அப்படியொரு கொலையே நடக்கவில்லை, உன் தம்பி ஜெர்மனியில் சுகமாக இருக்கிறான் என்றானாம்.

"நீ என்ன சொன்னனீ?"

"எந்த ஊர் எண்டு சொல்லுங்கோ, கோட்டும் போட்டபடிதான் இருக்கிறன், இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டன். பிறகு அவர் பைலை மூடிப்போட்டு இருந்திட்டார்."

மேரிசாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நீள வாய்க்காரி விம்மி விம்மி அழுதாள்.

"ஆமி பிடிச்சுக்கொண்டுபோன என்ரை அண்ணையும் கனடாவிலை இருக்கிறார் எண்டுதான் அங்கை விசாரணையிலை சொன்னவங்கள், மெவ்லிதா. எனக்கு அண்டைக்கு ஒரு சொல்லும் வரேல்லை."