உருண்டை விளக்கு நூற்றைம்பது

சனிக்கிழமை காலையில் பார்த்த முதல் வண்டியின் பெட்ரோல் டாங்கிக்குள் அவள் கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தது. உள்ளே தகரம் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது.

"மழையில கெடந்த வண்டி," என்றாள். "மேல மட்டும் பவுடர் பூசி நிறுத்தியிருக்காங்க."

பழைய வண்டி விற்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் குனிந்து, முன் சக்கரத்துக் குழாயில் ஆயில் கசிந்து வழிந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, அவளோடு வந்திருந்த மகளிடம் திரும்பினார்.

"அம்மா மெக்கானிக்கா?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்றாங்க," என்றாள் மகள்.

உண்மைதான். இருபது வருடமாக அந்தக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தின் முன் அவள் உட்கார்ந்திருக்கிறாள். சட்டத்துக்குள் லென்ஸ் இறுக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. அவள் வெட்டியது எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதால் கடையில் எல்லோரும் அவளை "மில்லிமீட்டர் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் வண்டிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு வழியில் வந்தது.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன், "சைலன்சர் க்ளாம்ப் விட்டுப்போச்சு, வெல்டிங் வெச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சட்டைப் பையில் என்ன இருந்ததோ அதோடு போனான். மத்தியானச் சாப்பாடு ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது. ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். போலீஸ் கிடங்கில் கிடந்த நொறுங்கிய வண்டிகளையெல்லாம் பார்த்தார்கள். காவல் நிலையத்தில் இருந்த எழுத்தர் மட்டும் கொஞ்சம் கனிவாக, "வளர்ந்த மனுஷன் தானா கெளம்பிப் போனா அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்" என்றார். அவன் தானாகத்தான் போனான் என்று யாருக்கும் தெரியாது. போகவில்லை என்றும் தெரியாது.

அவன் வண்டி நூற்றைம்பது சிசி. அந்த மாடலில் முதலில் வந்த வகை, உருண்டை முகவிளக்கு வைத்தது. பிறகு கம்பெனி விளக்கின் வடிவத்தை மாற்றியது, அதற்கப்புறம் மாடலையே நிறுத்திவிட்டது. சாலையில் உருண்டை விளக்கு ஒன்று எதிரே வந்தால் அவள் நின்றுவிடுவாள். நிறுத்தி வைத்திருந்தால் பக்கத்தில் போவாள். கைப்பிடிக்குக் கீழே, வண்டியின் கழுத்தில், எலும்பில் எழுதியது போல ஒரு எண் அடித்திருக்கும். பதிவு எண் பலகையை யாரும் கழற்றி மாட்டலாம், இதை மாற்ற முடியாது. இன்ஷூரன்ஸ் காகிதத்திலிருந்து அந்தப் பதினேழு எழுத்தையும் அவள் மனப்பாடம் செய்திருந்தாள். சொந்தக் கைபேசி எண்ணைக் கேட்டால் தடுமாறுவாள், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பழைய வண்டி விற்கும் இடங்களில் சும்மா நின்று பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று வாங்க வந்தவள் போல நின்றாள். வாங்க வந்தவள் போலக் கேள்வி கேட்கப் போய், வால்வுச் சத்தம் எது, பிஸ்டன் சத்தம் எது என்பது வரை கற்றுக்கொண்டாள். நான்கைந்து வருடம் இப்படி. பிறகு கால் தானாக ஓய்ந்தது. கண் மட்டும் ஓயவில்லை.

இதெல்லாம் மகளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா போனபோது மகளுக்கு வயது பதினொன்று. இப்போது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் போன் வரும், பெரிய கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். வண்டி இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் அலுவலகத்திலேயே உட்காரச் சொல்லிவிடுவார்கள். ஸ்கூட்டரில் அந்தப் பையை வைக்க முடியாது. பழைய பைக் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்று மூன்றைத் தேர்ந்து வைத்திருந்தாள்: காலையில் பார்த்த இந்த நூறு, ஒரு நூற்றிருபத்தைந்து, கடைசியில் அந்த உருண்டை விளக்கு நூற்றைம்பது.

"அது வேணாம்டி. அதுக்கு உதிரி பாகமே கெடைக்காது."

"சும்மா பாத்துட்டு வரலாம்மா. அந்த இழுவை வேற எதுலயும் வராதுன்னு எங்க சீனியர் சொல்றார்."

இரண்டாவது வண்டி ஒரு நர்ஸம்மாவுடையது. தினமும் டியூட்டிக்குப் போய் வந்த வண்டி. பெட்ரோல் செலவு கம்மி, இழுவையும் கம்மி. செயின் மாற்றும் நாளாகிவிட்டது, பின் டயர் வழுக்கை. ஆனால் எஞ்சினைக் கிளப்பியதும் ஒரு சத்தமும் ஒளித்து வைக்காமல் பேசியது. நர்ஸம்மா, "ஒரு தடவை கீழ போட்டிருக்கேன், இந்தப் பக்கம் கீறல் இருக்கும் பாருங்க" என்று அவளாகவே காட்டினாள். நல்ல வண்டி. ஏறி ஓட்டிப் பார்த்த மகளின் முகத்தில்தான் விளக்கு எரியவில்லை.

மூன்றாவது வண்டிக்காரர் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் விற்கிறார். வாசல் கேட்டுக்குள் மதில் ஓரமாக வண்டி நின்றது. அவர் ஊன்றுகோலோடு வந்து, தம் பிள்ளையை அறிமுகப்படுத்துவது போல அதைத் தட்டிக் காட்டினார். எண் பலகை வேறு. நிறமும் வேறு, கறுப்பு. அவள் வழக்கம் போல சைலன்சரிலிருந்து ஆரம்பித்தாள். க்ளாம்பில் பழைய வெல்டிங் ஒன்று இருந்தது. அவசரமில்லாமல், வரிசை வரிசையாக வைத்த நல்ல வெல்டிங். அதன் மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள். எழுந்து கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி, கழுத்திலிருந்த பிசுக்கைக் கட்டை விரலால் தேய்த்தாள். கடைசி நான்கு எண்கள் முதலில் தெரிந்தன. மிச்சத்தை அவள் பார்க்காமலே சொல்லிவிடலாம். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

சொன்ன வேலையை முடித்திருக்கிறான். வெல்டிங் வைத்திருக்கிறான்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்மா," என்று மகள் சாவியை வாங்கிக்கொண்டாள். தடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் வண்டி தெருவில் இறங்கிப் போனது.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"மொதல் ஓனர்கிட்ட நேரா. ஒம்பது வருஷமாச்சு. வெளி மாநிலத்துல நம்பர் மாத்திப் பதிஞ்சு வெச்சிருந்தார், எல்லாம் மொறையா எழுதி வாங்கினது. என் முன்னாடிதான் கையெழுத்து போட்டார்." ஓட்டுநர் மதில்மேல் சாய்ந்துகொண்டார். "நல்ல மனுஷன். வித்த பொறவும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போவார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேப்பார். ஒரு டீ குடிப்பார். பேச்சு அதிகம் கெடையாது. நானும் கேக்கறதில்ல. வண்டி மேல பாசம் வெச்சவங்க சில பேர் அப்படித்தான்."

"இப்பவும் வர்றாரா?"

"போன வருஷம் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார்."

கிட்டப் பார்வைக்கா, தூரப் பார்வைக்கா என்று கேட்டிருப்பாள். அடக்கிக்கொண்டாள். இந்த ஊரில் நான்கு கடைகளின் லென்ஸ் அவள் சாணைக்குத்தான் வருகிறது. சீட்டில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. எத்தனை ஆயிரம் லென்ஸ்களை ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"போன் நம்பர் ஏதாவது?"

"குடுக்க மாட்டார்மா. தானா வருவார். ஏன், வண்டி விஷயமா ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல. சும்மா."

மகள் திரும்பி வந்தாள். முகம் சிவந்து, காற்றில் முடி கலைந்து, சின்னப் பிள்ளை போல இருந்தாள். "அம்மா, இதுதான்மா," என்றாள். "சொல்ற பேச்சு கேக்குது."

"பொண்ணுக்குப் பிடிச்சுப் போச்சு," என்று ஓட்டுநர் சிரித்தார். "அவர் வந்தா யாருக்குக் குடுத்தேன்னு கேப்பார். உங்க அட்ரஸ் சொல்லலாம்ல?"

அவள் தண்ணீர் கேட்டாள். உள்ளேயிருந்து அவர் மனைவி கொண்டுவந்து தந்ததைக் குடித்து முடித்தாள். "யோசிச்சுச் சொல்றோம்," என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கை விடாமல் நடந்ததில்தான் மகளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"அது உங்கப்பா வண்டி," என்றாள். பிறகு ஓட்டுநர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மகள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். சாவியும் கைப்பிடி ரப்பரும் பட்ட இடத்தை ஜீன்ஸில் மெதுவாகத் துடைத்தாள். ஒரு பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறாததால் போய்விட்டது.

"இங்கிருந்து நம்ம வீட்டுக்கு இருபது நிமிஷம்மா," என்றாள் கடைசியில்.

"ம்."

"வருஷா வருஷம் இவ்ளோ தூரம் வந்திருக்கார்."

"ம்."

"வண்டியப் பாக்க."

உயிரோடு இருக்கிறான் என்கிற நினைப்பு இன்னும் அவளுக்குள் இறங்கவில்லை. பதினொரு வருடமாக அவனுக்கு மனதுக்குள் என்னென்னவோ சாவுகளைக் கொடுத்திருந்தாள். கிணற்றில், லாரிக்கு அடியில், பெயர் தெரியாத ஆஸ்பத்திரி வராந்தாவில். ஒரு மதில் ஓரமாக நின்று டீ குடிப்பான் என்று மட்டும் நினைத்ததில்லை.

"உனக்கு அந்த வண்டி வேணுமாம்மா? உண்மையச் சொல்லு," என்று மகள் கேட்டாள்.

வேண்டும். வாங்கி வாசலில் நிறுத்தினால் அடுத்த முறை அவன் அங்கேதானே வந்தாக வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே மகளுக்குக் கேட்டுவிட்டது.

"எனக்கு வண்டி வேணும்மா," என்றாள் மகள். "எவனாவது லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டி நிப்பான், நான் போய்ச் சேரணும். அவர் வருவாரான்னு பாத்துக்கிட்டே நிக்கற வண்டி எனக்கு வேணாம்."

புதன்கிழமை நர்ஸம்மாவின் நூற்றிருபத்தைந்து வீட்டுக்கு வந்தது. அவளே நின்று செயினும் பின் டயரும் மாற்ற வைத்தாள். மகள் தினமும் அதில் வேலைக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஒரு நாள், ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில் நாற்பது நிமிடம் சிக்கிய ஒரு தம்பதி சண்டையெல்லாம் தீர்ந்து சமாதானமாகி வெளியே வந்த கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவைப் பற்றி மகள் மறுபடி பேச்செடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது மட்டும் குழாயை மூட மறந்து நின்றிருப்பாள்.

தாயும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் நடந்திருந்தது. சாலையில் எதிரே உருண்டை விளக்கு வந்தால் இப்போது அவள் வண்டியைப் பார்ப்பதில்லை. பாதையில் நடந்து போகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட முகங்களை. கடையில் சட்டம் அளக்கக் கூப்பிட்டால் முன்னறைக்குப் போகப் பயந்தாள். இரண்டு லென்ஸ் திரும்பி வந்தன. முதலாளி உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கேட்டுக்குள் வண்டி அதே இடத்தில் நின்றது. ஓட்டுநர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். "வாங்கம்மா. வேற வண்டி எடுத்துட்டீங்களாக்கும்," என்றார். "இதக் கேட்டு ரெண்டு மூணு பேர் வந்தாங்க. எனக்குத்தான் மனசு வரல."

அவள் எதற்கு வந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"முந்தாநாள் அவர் வந்திருந்தார்," என்றார்.

கேட்டின் கம்பி அவள் கையில் சுட்டது. விடவில்லை.

"விக்கப் போறேன்னு சொன்னேன். சரின்னார். ஒரு அம்மாவும் பொண்ணும் வந்து பாத்தாங்க, அந்த அம்மா வண்டியப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க, கழுத்து நம்பரைத் தேச்சுப் பாத்தாங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் நின்னார். அப்பறம், அந்தப் பொண்ணு ஓட்டிப் பாத்துச்சான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓட்டிச்சுன்னேன். எப்படி ஓட்டிச்சுன்னு கேட்டார். நல்லா ஓட்டிச்சு, பயமே இல்லாம ஓட்டிச்சுன்னேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். "டீ போடச் சொன்னேன், அன்னிக்கு மட்டும் குடிக்காம போய்ட்டார். நீங்க உக்காருங்கம்மா. நாற்காலி எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போனார். தெருவில் ஒரு குழந்தை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போய் மறைந்தது. ஒரு மாதமாக ஓடாத வண்டியின் மேல் தூசு ஒரே சீராகப் படிந்திருந்தது, டாங்கியில், மீட்டரில், நீளமான இருக்கையில். இருக்கையின் பின்பாதியில், பின்னால் உட்காருகிறவர்களின் இடத்தில், தூசு கலைந்து கறுப்பு ரெக்ஸின் தெரிந்தது. அகலமான ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்.

அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தன் கையை அந்தத் தூசின் மேல், அந்தத் தடத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் வைத்தாள்.