இரண்டு இருக்கைக் கார்

லோவல் ஹௌகனுக்கு மகள் கிடைப்பது வண்டியில்தான். விவாகரத்து ஆன நாளிலிருந்து, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, அவன் தன் ஊரான மெரிலிலிருந்து கிளம்பி ஈ க்ளேர் நகரம் வரை போய், முன்னாள் மனைவி டெனிஸின் வீட்டெதிரே பிக்கப் ட்ரக்கை நிறுத்திக் காத்திருப்பான். மார்னி பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறுவாள். மெரிலுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் வழி நெடுக வாய் ஓயாது. வேதியியல் வாத்தியார் மூக்கை உறிஞ்சுவது, டெனிஸின் புதுக் கணவன் கிரெக்குடைய இரட்டைப் பயல்கள் பூனைக்கு ஷேவிங் க்ரீம் தடவியது, எல்லாம் கொட்டும். லோவல் சாலையைப் பார்த்தபடி "ம்" என்பான். கொஞ்சம் தேங்கினால் "அப்புறம்?" என்பான். அடுத்த இரண்டு வாரத்தையும் அந்தப் பேச்சை வைத்துத்தான் ஓட்டுவான். சீஸ் தொழிற்சாலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே பூனையை நினைத்துச் சிரிப்பான். உடன் வேலை செய்பவர்கள் இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

போன அக்டோபரில் மார்னிக்கு லைசென்ஸ் வந்தது. கார் வந்துவிட்டால் அவளே ஓட்டிக்கொண்டு வருவாள், அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அழைத்து வர ஆள் எதற்கு? சாலை போய்விட்டால் அவனுக்கு மிஞ்சுவது சாத்திய கதவு.

காருக்கான பணத்தை அவள் சூப்பர்மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்துச் சேர்த்திருந்தாள். பழையதாக இருக்கட்டும், ஆனால் பாய்கிற வண்டியாக இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பதினெட்டு ஆகாததால் அப்பாவோ அம்மாவோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். டெனிஸ், "அந்த மாதிரி வண்டிக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன், உங்கப்பனக் கேளு" என்று தள்ளிவிட்டாள். இப்படியாக அந்தக் குளிர்காலத்தில் லோவலுக்கு ஒரு புது அதிகாரம் கிடைத்தது. மனுஷன் அதை நன்றாகவே பயன்படுத்தினான்.

ஈ க்ளேரிலிருந்து வரும் வழியில் எங்கே கார் விற்பனைக்கு இருந்தாலும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். மார்னி வீடியோக்கள் பார்த்துத் தேறியிருந்தாள். டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்து துருவைத் தேடுவாள். பெயின்டுக்குக் கீழே பட்டி பூசியிருக்கிறதா என்று காந்தத்தை ஒட்டிப் பார்ப்பாள். லோவல் கோட்டுப் பையில் ஒரு கையை விட்டபடி நின்று, விற்பவர் தரும் காபியைக் குடிப்பான். பிறகு ஏதாவது சொல்வான். கருப்புக் காருக்கு, அந்தக் கலரில் போலீஸ்காரன் கண் படும் என்றான். மார்னியே துருவைக் கண்டுபிடித்த மஞ்சள் காருக்கும், விற்கிறவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றான். ஒரு வெள்ளைக் கார் எல்லாவிதத்திலும் நன்றாக இருந்தது. அதற்குப் பனியில் பின்சக்கரம் வழுக்கும் என்று சொல்லிவிட்டான். பஜ்ஜி சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று எழுந்துவரும் மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள். மார்னி முணுமுணுப்பாள், ஆனாலும் பிக்கப்பில் ஏறியதும் அந்தக் கார்க்காரரைப் போலவே பேசிக் காட்டத் தொடங்கிவிடுவாள். லோவலுக்கு வாழ்க்கையில் அவ்வளவு நல்ல குளிர்காலம் அமைந்ததில்லை.

ஏப்ரலில் ஆர்லிஸ் என்ற மூதாட்டியின் கார் விற்பனைக்கு வந்தது.

வழியில் இருக்கும் ஆபட்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பண்ணை வீடு. வாசலில் அழுக்குப் பனி இன்னும் குவியலாகக் கிடந்தது. கராஜுக்குள் கரும்பச்சை நிற மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, துணிக்கூரையை மடித்துக்கொண்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. மார்னியைவிட வயதில் மூத்த வண்டி. மார்னி அடியில் நுழைந்தவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கன்னத்தில் கிரீஸ் இருந்தது.

"அப்பா, துரு இல்ல. ஒரு பொட்டு கூட இல்ல."

"பனி கரைய உப்பு போட்ட ரோட்டப் பாத்ததே இல்லம்மா அது," என்றாள் ஆர்லிஸ். வயதான, கனத்த பெண்மணி, ஒரு கையில் தடி. "நவம்பர் வந்தா போர்த்திப் படுக்க வச்சிருவேன்."

"அப்படிப் பாத்துக்கிட்டவங்க ஏன் விக்கறீங்க?" என்று லோவல் மடக்கினான்.

"ஏறிடறேன் தம்பி. இறங்கறதுக்குத்தான் ஆள் தேவைப்படுது. போன வருஷம் சர்ச் வாசல்ல பாஸ்டரே வந்து கக்கத்துல கை குடுத்துத் தூக்கினாரு. பாட்டுக் குழு மொத்தமும் பாத்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

மார்னி சிரித்தாள். ஆர்லிஸ் சாவியை அவளிடமே கொடுத்தாள். "ரெண்டு சீட்டுதான். அப்பாவும் பொண்ணும் ஒரு சுத்து போயிட்டு வாங்க."

லோவல் முழங்காலை மடக்கி உள்ளே இறங்கினான். க்ளட்ச் வண்டி. அவன் பிக்கப்பில் க்ளட்ச் கிடையாது. இவள் எடுக்கும்போது திக்கித் திணறி நின்றுவிடும், பேச்சே வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தான். வண்டி வெண்ணெயில் கத்தி போல் நழுவிக் கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ஒரு குலுக்கல் இல்லை.

"இது எங்க கத்துக்கிட்ட?"

"கிரெக்கோட பழைய ட்ரக்ல. ஞாயித்துக்கிழமைல சொல்லிக் குடுத்தார்."

"எப்பலேந்து?"

"நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுலேந்து. அப்பா, கொஞ்சம் பேசாம வாயேன், ரோட்டப் பாக்கணும்."

லோவல் பேசாமல் வந்தான். குளிர்காலம் முழுக்க அவள் எத்தனை பேசியிருப்பாள், பூனையிலிருந்து வாத்தியார் மூக்கு வரை. இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குக் கியர் சொல்லிக் கொடுத்திருக்கிறான். லோவலுக்கு நெஞ்சு எரிந்தது. திரும்பிப் பார்த்தான். மார்னி உதட்டைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாக, சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆள் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

பண்ணை வாசலில் வண்டி நின்றதும் அவன் சொன்னான்: "பின்னாடி ஆக்ஸில்லேந்து ஒரு முனகல் வருது."

"எனக்குக் கேக்கலையே."

"நீ ஓட்டிட்டிருந்த. இத்தனை வருஷம் ஃபோர்க்லிஃப்ட்ல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆக்ஸில் போகப் போகுது. இது வேணாம்."

நிறம், போலீஸ், பனி எல்லாம் அபிப்பிராயங்கள். அவற்றை அவள் நம்ப வேண்டும் என்றுகூட அவன் எதிர்பார்த்ததில்லை. இது சுத்தப் பொய். அவளோ நம்பிவிட்டாள். முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. தானே போய் ஆர்லிஸிடம் மரியாதையாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

"முனகலா?" என்றாள் ஆர்லிஸ். "என் முட்டிதான் முனகும். சரி கண்ணு, மனசு ஒப்பலைன்னா வேணாம்."

பிக்கப் நெடுஞ்சாலையில் ஏறி மெரிலை நோக்கிப் போனது. லோவல் காத்திருந்தான். பாஸ்டர், பாட்டுக் குழு, கக்கத்தில் கை, எத்தனை இருக்கிறது அவள் நடித்துக் காட்ட. மார்னி ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"பசங்க என்ன பண்றானுங்க? பூனை எப்படி இருக்கு?"

"இருக்கு."

மேலும் கொஞ்ச தூரம் போனது. எதைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னானோ அது அந்த வண்டிக்குள் இல்லை. தாங்க முடியாமல் வாயைக் கொடுத்தான். "அது எதுக்கு உனக்கு? ரெண்டே சீட்டு. ஃப்ரெண்ட்ஸை எங்க ஏத்துவ?"

"எந்த ஃப்ரெண்ட்ஸ்?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. ஊர் பேரைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏன், அந்த கெண்ட்ரா?"

"கெண்ட்ரா போன வருஷமே டெக்ஸஸ் போயிட்டா. சொன்னேனே."

சொல்லியிருப்பாள். அதற்கும் அவன் "அப்புறம்?" என்றிருப்பான்.

"ஸ்கூல்ல மத்தியானம் எல்லாரும் பார்க்கிங் லாட் போயிருவாங்க," என்றாள் மார்னி, ஜன்னலைப் பார்த்தபடியே. "கார்ல உக்காந்துதான் சாப்பிடுவாங்க. கார் இல்லாதவங்க கேன்டீன்ல. அங்க எனக்கு டேபிள் கிடையாது. நான் ஜிம்முக்குப் பின்னாடி படிக்கட்டுல உக்காந்து சாப்பிடறேன். யாராச்சும் வந்தா போன் பேசற மாதிரி நடிப்பேன். கார் இருந்தா அதுக்குள்ள உக்காந்துக்கலாம்ல. கார்ல தனியா இருந்தா, பாவம் தனியா இருக்கான்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. அதுவும் அந்த மாதிரி கார்னா, வேணும்னே தனியா இருக்கான்னு நெனைப்பாங்க."

லோவல் வேகத்தைக் குறைத்தான்.

"நாலு சீட்டுன்னா மூணு காலின்னு தெரியும்ப்பா. அந்தப் பச்சை வண்டில ஒண்ணுதான் காலியா இருக்கும்."

இத்தனை வருஷம் தன் தனிமையைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவனுக்கு, பக்கத்து இருக்கையில் இருப்பவளுக்கும் அதே வியாதி இருப்பது தெரியவில்லை. அவன் பிக்கப்பை ஓரம் கட்டினான். லாரி ஒன்று பெரும் காற்றோடு கடந்து போனது.

"ஆக்ஸில்ல சத்தம் எதுவும் வரல."

மார்னி திரும்பினாள். "என்ன?"

"நல்ல வண்டிதான். நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"கார் வந்துட்டா நீ என்கூட இதுல வரமாட்ட. அதுக்குத்தான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கருப்புக் கார்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"மஞ்சள்?"

"அது சத்தியமா துரு. நீதான கண்டுபிடிச்ச."

"வெள்ளை?"

லோவல் பக்கக் கண்ணாடியில் சாலையைப் பார்த்தான்.

"அஞ்சு மாசம்ப்பா," என்றாள். "அஞ்சு மாசமா அந்தப் படிக்கட்டுல உக்காந்திருக்கேன். வண்டியத் திருப்பு."

திருப்பினான். ஆர்லிஸ் ஒன்றும் கேட்காமல் சமையலறை மேஜையைத் துடைத்துக் காகிதங்களைப் பரப்பினாள். அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவை வாங்கிக்கொண்டபோதுதான் அவள் கேட்டாள்: "அப்ப அந்த முனகல்?"

"அது அப்பாவுக்கு மட்டும்தான் கேக்குது," என்றாள் மார்னி.

வாசலுக்கு வந்தபோதுதான் லோவலுக்கு அது உறைத்தது. கார் வாங்கப் போகிறவர்கள் ஒரே வண்டியில் வருவார்கள், இரண்டு வண்டியில் திரும்புவார்கள். குளிர்காலம் முழுக்க யோசித்தும் இந்தச் சின்னக் கணக்கு அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. மார்னி பிக்கப்பின் கதவைத் திறந்து தன் பையை எடுத்தாள். மியாட்டாவின் டிக்கியில் அதை அமுக்கி வைத்து மூடினாள்.

"நான் உன்மேல ரொம்பக் கோவமா இருக்கேன்ப்பா."

"தெரியுது."

"இல்ல, தெரியட்டும்னு சொல்றேன்."

அவள் முன்னே போனாள், அவன் பின்னே போனான். நெடுஞ்சாலை முனை வந்தது. இடப்பக்கம் போனால் மெரில், வலப்பக்கம் ஈ க்ளேர். இது அவனுடைய சனிக்கிழமை. பச்சை வண்டி 'நில்' பலகை அருகே நின்றது. குறுக்கே எந்த வண்டியும் வரவில்லை, இருந்தும் அது நகரவில்லை. லோவல் அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வலப்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நன்றாகத்தான் ஓட்டினாள்.

அவன் இடப்பக்கம் திரும்பினான். வழியில் அவனை அறியாமல் ஒருமுறை "அப்புறம்?" என்று சொல்லிவிட்டான். தன் குரலைக் கேட்டுத் தனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் இரண்டு பேருக்கு மீன் வாங்கி வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் வறுத்தான், வேறென்ன செய்வது என்று தெரியாமல். போய்ச் சேர்ந்ததும் சொல்லு என்று அவளிடம் சொல்ல விட்டுப்போயிருந்தது. இதுவரை அதற்கு அவசியமே வந்ததில்லை, எங்கே போனாலும் அவள் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். டெனிஸுக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்தான், வைத்தான். கார் கவிழ்ந்து கிடப்பதாக ஒருமுறை நினைத்தான், தன்னையே திட்டிக்கொண்டான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் செய்தி வந்தது.

"சேர்ந்துட்டேன். வண்டி நல்லா ஓடுது. முனகல் எதுவும் கேக்கல."

லோவலுக்குச் சிரிப்பு வந்தது. 'அடுத்த தடவை வருவியா' என்று எழுதினான். அதைக் கேட்கும் யோக்கியதை தனக்கில்லை என்று அழித்தான். அவளைக் கேட்பதைத் தவிர அவளிடம் தன்னைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. நெடுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்:

"நானும் மத்தியானம் பிக்கப்ல தனியா உக்காந்துதான் சாப்பிடறேன். இத்தனை வருஷமா. பன்னெண்டு மணிக்கு. போன் பக்கத்துலயேதான் இருக்கும்."

படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. வேறொன்றும் வரவில்லை. லோவல் போனை உப்பு ஜாடியில் சாய்த்துத் திரை தெரியும்படி வைத்துவிட்டு, ஆறிப்போன மீனைச் சாப்பிட உட்கார்ந்தான்.