மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை

மொட்டை மாடியில் மெத்தைகளைக் கவிழ்த்துப் போட்டு அன்புச்செல்வி பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்ததும் ஆண்டுதோறும் அவள் தொடங்குகிற வேலை இது. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் 'காலேஜ் வீடு' என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரி அதை வாடகைக்கு எடுத்திருந்தது. பொங்கலை ஒட்டி மாணவர்கள் வருவார்கள், பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். அவர்களுக்குச் சமைப்பதும், மற்ற மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அன்புச்செல்வியின் வேலை. அவளும், ஆட்டோ ஓட்டும் புருஷன் இளவரசனும், பிளஸ் டூ படிக்கும் மகள் இனியாவும் பின்பக்கம் ஷீட் கூரை போட்ட அறையில் இருந்தார்கள்.

கீழே பேச்சுக்குரல் கேட்டு இறங்கி வந்தாள். வீட்டுக்காரர் பலராமன் நின்றிருந்தார். கூட வந்த மேஸ்திரி டேப்பை இழுத்து ஹாலையும் சுவரின் கனத்தையும் அளந்தான். ஹால் முடிந்து சமையலறை, அது முடிந்து அவர்களுடைய அறை. டேப்பின் நுனியை இனியாவின் புத்தக அடுக்கின்மேல் வைத்து அழுத்தினான்.

"என்னாங்க, அளக்கறீங்க?"

"சும்மாதாம்மா. பெயிண்ட் அடிக்கலாம்னு."

பெயிண்ட் அடிக்கிறவன் சுவரின் கனத்தை எதற்கு அளக்க வேண்டும்? பலராமன் இவ்வளவு தன்மையாகப் பேசுகிற ஆளும் இல்லை.

கார்த்திகையின் கடைசி நாளில் அவர் ஐயரோடு வந்து, வீட்டின் மூலையில் பூஜை போட்டார். தண்ணீருக்குப் போர் போடப் போவதாகச் சொன்னார். அன்புச்செல்விதான் இடத்தைப் பெருக்கிக் கோலம் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். மஞ்சள் பூசிய செங்கல் ஒன்றைக் குழியில் இறக்கிவிட்டு, "உன் கையால செஞ்சா ராசிம்மா" என்று அவளுக்கே முதல் தொன்னையைக் கொடுத்தார். போர் வண்டி வரவே இல்லை.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மார்த்தா வீடியோ காலில் வந்தாள். ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்து வருகிற டீச்சர் அவள்தான். "செல்வி, சாப்ட்டாச்சா?" என்று தமிழில் ஆரம்பித்தவள், அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள். இனியா போனை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள்.

"காலேஜ மூடறாங்களாம்மா. சேர்ற பசங்க கம்மியாயிடுச்சாம். இனிமே யாரும் இங்க வரமாட்டாங்களாம். அந்த ஊரே காலேஜ நம்பித்தான் இருக்குதாம்."

மார்த்தா போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு தெரு. வெள்ளை வெளேரென்று பனி. கூரான கோபுரத்தோடு ஒரு சர்ச், ஒரு தபால் ஆபீஸ், கதவில் பலகை அடித்து மூடிய ஒரு டீக்கடை மாதிரியான கடை. ஒரு ஈ காக்கை இல்லை.

"நம்ம கீழ்பென்னாத்தூர்லயே இதவிட ஜனம் ஜாஸ்தி," என்றான் இளவரசன்.

"பாவம்டி, இந்த வயசுல எங்க போவாங்க? கேளு," என்றாள் அன்புச்செல்வி.

இனியா கேட்டுச் சொன்னாள். "காலேஜ் குடுத்த வீட்லயே கோடை வரைக்கும் இருந்துக்கலாமாம். குளிர்ல யாரையும் அனுப்ப மாட்டாங்களாம். பசங்களும் வருஷம் முடிச்சிட்டுப் போகட்டும்னு விட்டிருக்காங்களாம்."

"அங்கயும் மனுஷங்கதானே," என்ற அன்புச்செல்வி போனை முகத்தருகே பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கம்மா. அண்ணாமலையார் கைவிட மாட்டாரு."

போனை வைத்த பிறகுதான் இனியா மெதுவாகச் சொன்னாள். "நம்மளப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"சொல்லாட்டி என்ன? மார்கழில யாரும் யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. தை பொறந்ததும் வீட்டுக்காரர் கால்ல விழுந்தாவது உன் பரீட்சை முடியற வரைக்கும் கேட்டு வாங்கறேன். நீ படி."

மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. அன்புச்செல்விக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து தெரிந்த சட்டம் இது. அந்தத் தைரியத்தில்தான் அன்று தூங்கினாள்.

அந்த வாரமே வாசலில் எம்-சாண்ட் மணல் லாரி வந்து நின்றது. பின்னாலேயே பலராமன் வந்தார். மேலே இரண்டு மாடி எடுத்து லாட்ஜ் ஆக்கப் போகிறாராம். கிரிவலத்துக்கு வருகிற ஆந்திராக்காரர்களுக்கு ரூம் போதவில்லையாம்.

"மார்கழில போய் வேலை ஆரம்பிக்கறீங்களேங்க?"

"ஆரம்பிச்சது கார்த்திகைலம்மா. பூஜை போட்டமே, நீதானே பொங்கல் வெச்ச? ஆரம்பிச்ச வேலைய மார்கழில செய்யலாம்னு ஐயரே சொல்லிட்டாரு."

"அப்ப நாங்க?"

"உன்னப் போன்னு சொன்னனா? மார்கழில குடியிருக்கறவங்கள வெளிய அனுப்பி அந்தப் பாவத்த நான் ஏன் கட்டிக்கணும்? நீங்க தாராளமா இருங்க." வண்டியில் ஏறிக்கொண்டே சிரித்தார். "தை பொறந்தா வழி பொறக்கும்."

அந்தச் சிரிப்பு இளவரசனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே அவளை ஆட்டோவில் உட்காரவைத்து வீடு தேடப் புறப்பட்டான். 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய வீடுகளெல்லாம் ஏறி இறங்கினார்கள். எல்லாரும் நல்லவர்களாகத்தான் பேசினார்கள்.

"ரூம் இருக்குதும்மா. ஆனா மார்கழில ஆள் வெக்க மாட்டோம். தை பொறக்கட்டும், வாங்க."

"பால் காய்ச்ச வேணாங்க. சாமான மட்டும் வெச்சிக்கறோம். பொண்ணு படிக்குது."

"உனக்குத் தெரியாததா? நாளைக்கு உனக்கோ எனக்கோ ஒண்ணு ஆச்சுன்னா?"

கடைசி வீட்டுக்காரி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. அன்புச்செல்வியால் அவளைக் குறை சொல்ல முடியுமா? தன்னிடம் ஒரு வீடு இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆட்டோவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சந்து முனையிலேயே சத்தம் கேட்டது. அவர்களுடைய அறையின் ஷீட்டுகள் பாதிக்குமேல் இறங்கி, துளசிச் செடியை அமுக்கியபடி சுவரோரம் சாய்ந்திருந்தன. பலராமன் அங்கே இல்லை. இளவரசன் கத்திக்கொண்டு ஓடினான்.

"அண்ணே, எங்ககிட்ட கத்தாதீங்க," என்றான் மேஸ்திரி. "ரூம இடிக்கச் சொல்லல. ஷீட்ட மட்டும்தான் இறக்கச் சொன்னாரு. இருக்கறதுன்னா இருந்துக்கட்டும், நான் போன்னு சொல்லலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

அன்புச்செல்வி அறை வாசலில் நின்று பார்த்தாள். சிமெண்டுத் தூசி சோற்றுப் பானைமேல் படிந்திருந்தது. இனியா துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு, கட்டிலை இன்னும் ஷீட் மிச்சமிருந்த மூலைக்கு இழுத்துப் போட்டு, கெமிஸ்ட்ரி புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"தலைமேல ஏதாவது விழுந்துடப் போவுதுடி! ஏண்டி உள்ள உக்காந்திருக்க? வெளிய வா!"

"வரமாட்டேன்மா," என்றாள் இனியா. "வெளிய வந்துட்டா நம்மளே காலி பண்ணிட்டோம்னு சொல்லிடுவாங்க."

அன்புச்செல்வி உள்ளே போனாள். இளவரசனும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுவர்மேல் உட்கார்ந்து கடைசி ஷீட்டின் போல்டைக் கழற்றிக்கொண்டிருந்த வேலையாள், மூன்று பேரையும் குனிந்து பார்த்தான்.